லைலாட ஊடு

எங்கள் கரையோரத்தில் ஆண்களுக்கு வீடு கிடையாது. இதைச் சொன்னால் யாழ்ப்பாணத்துக்காரர் சிரிப்பார்கள், கொழும்புக்காரர் நம்பமாட்டார்கள். தமிழர் என்றாலும் முஸ்லிம்களான சோனகர் என்றாலும் எங்கள் பக்கத்தில் ஒரே முறைதான். பெண்பிள்ளை பிறந்த அன்றே அவளுக்கு எங்கே அத்திவாரம் போடுவது என்று தகப்பன் யோசிக்கத் தொடங்கிவிடுவான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். ஆண் என்பவன் முதலில் தாயின் வீட்டில் இருப்பான், பிறகு பெண்சாதியின் வீட்டில் இருப்பான், கிழடானதும் மகளின் வீட்டுக் கோடியில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பான். பெரியநீலாவணையில் நான் வருடக்கணக்காக என்னுடைய வீடு என்று சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டின் உறுதிப் பத்திரத்தில் என் பெண்சாதியின் பெயர்தான் இருக்கிறது. இதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அவள் கோபம் வந்து "இறங்கிப் போங்க" என்று சொல்லும்போது மட்டும் சட்டப்படி அவள் சொல்வது சரிதானே என்று கொஞ்சம் யோசனையாக இருக்கும்.

நான் கல்முனையில் சட்டத்தரணி நல்லரெத்தினம் ஐயாவிடம் லிகிதராக எழுத்து வேலையில் இருந்தேன். பெயர் புண்ணியமூர்த்தி. வழக்குக்கு வருகிறவர்கள் ஐயாவைக் காண்பதற்கு முன்னால் என் மேசைக்கு முன்னால் இருந்துதான் அழுவார்கள். சுனாமிக்குப் பிறகு வந்தவர்களில் அழாமல் இருந்த ஒரே ஆள் மருதமுனை ஜவுபர் காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்துச் சோனகருக்கு அண்ணன், ராத்தா என்றால் அக்கா.

மருதமுனையில் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கையில் அவருக்குக் கைத்தறிக் கொட்டில் இருந்தது. சாறனும் படுக்கை விரிப்பும் நெய்வார்கள். அந்த ஒழுங்கைக்குள் போனால் ஒரு பக்கம் கடல் இரையும், மறுபக்கம் தறி இரையும். இரண்டுக்கும் நடுவில் நின்று கதைக்கிறவர்கள் எல்லோரும் சத்தம் போட்டுத்தான் கதைப்பார்கள். ஜவுபர் காக்கா மட்டும் மெல்லக் கதைப்பார். மற்றவர்கள்தான் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். ஒரு பெருநாள் விற்பனையில் அத்திவாரம், அடுத்த பெருநாளில் சுவர், அதற்கடுத்ததில் கூரை என்று கொட்டிலுக்கு முன்னால் ஒரு கல்வீட்டைக் கட்டி எழுப்பினார். அவருக்கும் பெண்சாதி முனவ்வறா ராத்தாவுக்கும் ஒரே மகள், சித்தி லைலா. சமாதானம் பேசிய வருடத்தில் சாய்ந்தமருதிலிருந்து நூஹு என்ற பொடியனை மாப்பிள்ளை எடுத்தார்கள். நிக்காஹ் முடிந்த கையோடு வீட்டை மகளின் பெயருக்கு முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டு, புருசனும் பெண்சாதியும் தறிக்கொட்டிலின் ஒரு மூலையைத் தடுத்து அங்கே பாயைப் போட்டுக்கொண்டார்கள்.

காப்புறுதி வந்தது அதற்கு அடுத்த வருடம். ஹமீட் என்று அதே ஊர்ப் பொடியன், கொழும்புக் கம்பனி ஒன்றின் முகவர். ஊரில் உள்ள எல்லோரையும் ஏதோ ஒரு ஆபத்துக்குள் தள்ளிப் பார்த்தால்தான் அவனுக்குச் சம்பளம். அந்தக் கதையை ஜவுபர் காக்கா என்னிடம் ஒன்றுக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார்.

"காக்கா, சாயம் காச்சிற அடுப்பு அந்தா இரிக்கி. நூலெல்லாம் இஞ்ச தொங்குது. ஊட்டுக்கூர முட்டிக்கிட்டு நிக்கிது. நெருப்புப் புடிச்சா என்ன செய்வீங்க?"

"அல்லாட காவல் இரிக்கி மனே."

"அல்லாட காவல் இரிக்கித்தான். அப்ப கொட்டில் கதவுக்கு என்னத்துக்கு ஆமப்பூட்டுப் போட்டிரிக்கீங்க?"

ஜவுபர் காக்கா பூட்டைத் திரும்பிப் பார்த்தாராம். ஒரு மௌலவியிடம் கேட்டார், கூடாது என்றார். இன்னொரு மௌலவியிடம் கேட்டார், தேவைக்குச் செய்யலாம் என்றார். ஒரு கிழமை யோசித்துவிட்டு அரை மனத்தோடு ஓமென்றார். நெருப்போடு சேர்த்து வெள்ளத்தையும் போடுவோம் என்று ஹமீட் சொன்னான். மாரியில் தரவைப் புல்வெளியிலிருந்து தண்ணீர் ஏறுவது ஊருக்குத் தெரிந்த விசயம், அதனால் அதற்கும் தலையாட்டினார்.

"எந்த ஊட்டுக்குக் காக்கா போடுற?"

"என்ட ஊட்டுக்குத்தான்."

எங்கள் பக்கத்தில் இந்தப் பதிலைக் கேட்டு யாரும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள். ஹமீடும் கேட்கவில்லை. ஜவுபர் காக்கா கையெழுத்துப் போட்டார்.

கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. லைலாவின் கைப்பிள்ளை ஜெனூபா இரவெல்லாம் அழுதாள் என்று முனவ்வறா ராத்தா அவளைத் தூக்கிக்கொண்டு, பெரிய றோட்டுக்கு அப்பால் இருந்த லெப்பையிடம் தண்ணீர் ஓதிக் குடிப்பாட்டப் போயிருந்தார். மருமகன் நூஹு அக்கரைப்பற்றுச் சந்தைக்குச் சாறன் கட்டுக்களோடு போயிருந்தான். லைலா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஜவுபர் காக்கா கொட்டிலுக்குள் புதுப் பாவு ஒன்றைத் தறியில் ஏற்றிக்கொண்டு நின்றார். பாவு என்றால் தறியில் நீளவாட்டுக்கு ஓடுகிற நூல். ஒரு பாவில் எத்தனையோ சாறன் நெய்யலாம். தண்ணீர் கொட்டிலைத் தூக்கியபோது அந்த நூல் முழுவதும் அவரைச் சுற்றிக்கொண்டது. சுற்றிய நூல் ஒரு தென்னையில் சிக்கியது. தண்ணீர் திரும்பி இழுத்தபோது மரமும் நூலும் சேர்ந்து அவரை விடவில்லை. லைலாவின் மையித்து அடுத்த நாள் கிடைத்தது. வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது.

நான் சில நாள் கழித்து அந்த ஒழுங்கைக்குப் போனேன். எங்கள் ஊரிலும் சாவுதான், என் மாமியின் வீட்டில் மூன்று பேர். அழுது அழுது கண் காய்ந்துபோய்த்தான் போனேன். ஆனால் மருதமுனையில் கண்டதை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மஞ்சள், சிவப்பு, பச்சை, ஊதா என்று ஊரில் இருந்த நூல் அத்தனையும் தென்னை மரங்களில் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினமாதிரி நின்றது. காற்று அடித்தபோது எல்லாம் ஒன்றாக ஆடியது. கீழே வீடில்லை, ஆளில்லை, கோழி கூட இல்லை. நான் வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு பெரிய ஒன்று எங்களைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்ற நினைப்பில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

ஹமீட் பிழைத்திருந்தான். அவன்தான் கம்பனிக்கு எழுதினான், அவன்தான் பதிலைக் கொண்டுவந்து தந்தான். பதில் இங்கிலீசில் இருந்தது. ஐயா வாசித்துவிட்டுச் சிரித்தார். அவருக்குக் கோபம் வந்தால் சிரிப்புத்தான் வரும். "நீயே சொல்லு" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

"காக்கா, இது வெள்ளம் இல்லையாம். சுமாத்திராவுக்குப் பக்கத்தில கடலுக்கு அடியில பூமி அதிர்ந்ததாம். அதாலதான் தண்ணி வந்ததாம். பூமி அதிர்ச்சியால வாற நட்டத்துக்குக் கம்பனி பொறுப்பில்லையாம்."

"சுமாத்திரா எங்க இரிக்கி தம்பி?"

சுவரில் இருந்த தேசப்படத்தில் காட்டினேன். அவர் எழும்பிப் போய்ச் சுமாத்திராவில் ஒரு விரலை வைத்தார். மற்றக் கையின் விரலை எங்கள் கரையில் வைத்தார். நடுவில் எல்லாம் நீலம்.

"இம்புட்டுத் தூரத்திலிரிந்தா வந்த?"

"ஓம் காக்கா. ரெண்டு மணித்தியாலம் எடுத்ததாம்."

அவர் விரல்களை எடுக்காமலே நின்றார். "அப்ப அங்க பூமி அசையக்குள்ள லைலா முத்தத்தக் கூட்டிக்கிட்டு நிண்டிரிப்பா. மறுகா புள்ளக்கிப் பால் குடுத்திரிப்பா. உம்மாக்காரி புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போறத்தப் பாத்துக்கிட்டு நிண்டிரிப்பா. தேங்கா உடச்சிரிப்பா. அம்புட்டு நேரமும் அது வந்துக்கிட்டே இரிந்திரிக்கி, என்ன?"

ஐயா சிரிப்பை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார். கம்பனி தன்னை அறியாமலே எங்கள் மூன்று பேருக்கும் கடலின் அளவைக் காட்டியிருந்தது.

வழக்குப் போட்டோம். போட்டது மட்டும்தான் எங்கள் கையில் இருந்தது. கர்த்தால், கடையடைப்பு என்று ஒரு வழக்குத் தவணை போகும், சண்டை தொடங்கிவிட்டது என்று இன்னொரு தவணை போகும், றோட்டு மூடியிருக்கிறது என்று கம்பனியின் கொழும்புச் சட்டத்தரணி வராமல் இன்னொன்று போகும். அந்த வருடங்களில் நீதிமன்றக் கோட்டுக்குப் போவதைவிட கோட்டுக்குப் போகும் வழியில் சோதனைக்கு நிற்பதுதான் பெரிய வேலை. இதற்கிடையில் கம்பனி தானாகவே பூமி அதிர்ச்சிக் கதையை விட்டுவிட்டது. ஏன் விட்டார்கள் என்று கேட்டு நாங்கள் வீண் வம்பை வாங்கவில்லை. சந்தோசப்பட்டுக்கொண்டிருக்கும்போதே கம்பனியின் மதிப்பீட்டாளர் ஒருவர் மருதமுனைக்கு வந்து, காணியை அளந்துவிட்டு, ஒழுங்கையில் கண்டவர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இது யாருடைய வளவு?

"லைலாட வளவு" என்றான் மீன்காரன். "மௌத்தாகின லைலாட" என்றார் ஒரு பெண். "ஜவுபர்ர மகள்ட ஊடு இஞ்சதான் இரிந்த" என்று பள்ளிக்குப் போனவர் நின்று, விளக்கமாக, கிணற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஆளாவது ஜவுபருடையது என்று சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. யாரும் கெடுக்க நினைக்கவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்கள். மதிப்பீட்டாளர் காணிப் பதிவில் தேடினார், உறுதி லைலாவின் பெயரில் இருந்தது. வீடு ஜவுபருடையது அல்ல, எனவே அதை இழந்தவரும் அவர் அல்ல, அவருக்கு எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்று கம்பனி புதிதாக மறுமொழி போட்டது.

"சீவிய உரித்து வைத்திருக்கலாமே ஐசே" என்று ஐயா என்னிடம் சொல்லித் தலையில் கை வைத்தார். சீவிய உரித்து என்றால், பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தாலும் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையைப் பெற்றவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்வது. அரைவாசி உறுதிகளில் அதை எழுதித்தான் வைப்பார்கள். இவர் ஒரு சொல்லும் வைக்காமல் கொடுத்திருக்கிறார். ஐயா கொஞ்ச நேரம் பேனையைக் கடித்தார். பிறகு என்னை மருதமுனைக்கு அனுப்பினார்.

சுடுகிற கச்சான் காற்று வீசிய காலம். அவர்கள் பழைய வளவிலேயே தகரக் கொட்டில் போட்டு இருந்தார்கள். உள்ளே போனால் தோசைக் கல்லில் ஏறினமாதிரி இருந்தது. ஜவுபர் காக்கா யாரோ ஒருவரின் தறியில் கூலிக்கு நெய்துவிட்டு வந்து, வேர்வை சொட்டச் சொட்ட இருந்தார். நூஹு சாய்ந்தமருதிலேயே மறுகலியாணம் செய்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டான். காணியில் தனக்கு வரும் பங்கையும் மகளுக்கே விட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அவன் மேல் யாருக்கும் கோபமில்லை. பிள்ளை முனவ்வறா ராத்தாவிடம் இருந்தது. ராத்தா எனக்குச் சோறு போட்டார். பாரைமீன் ஆணம், முருங்கை இலைச் சுண்டல், பொரித்த மிளகாய். கடன்பட்டாலும் ஆணத்தில் புளி குறையாத கை அவருடையது.

சாப்பிட்டு முடிந்ததும் சொன்னேன். "காக்கா, ஐயா சொல்லச் சொன்னார். கோட்டில கேட்டா, மகளுக்கு எழுதிக் குடுக்கக்குள்ள, நாங்க மௌத்தாகுமட்டும் இந்த வீட்டில இருப்பம் எண்டு வாயால கதைச்சுக்கிட்டம் எண்டு சொல்லுங்க. அது போதும். அதுக்குள்ள பிடிச்சு நான் இழுத்திருவன் எண்டு சொன்னார்."

"அப்பிடிக் கதைக்கல்லியே தம்பி."

"தெரியும் காக்கா. ஆனா அந்த நேரம் அங்க இருந்தது நீங்க ரெண்டு பேரும் மகளும்தானே."

முனவ்வறா ராத்தா எச்சில் சோற்றுக் கோப்பையை எடுத்தபடி நின்றார். "செல்லுங்க" என்றார் புருசனிடம். "அதில என்ன இரிக்கி? நாம அந்த ஊட்டு முத்தத்திலதானே கிடந்த. அவ சமச்சத்தத்தானே திண்ட."

"அது அவ தந்த."

"அவ தந்தா என்ன, நாம எடுத்தா என்ன? மகள் வந்து இல்லண்டு செல்லவா போறா?"

இதைச் சொல்லிவிட்டு ராத்தா கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். வெளியில் நின்றபடியே சொன்னார். "பொம்புளப் புள்ளக்கி ஒரு ஊடு வேணும். இந்தத் தகரத்துக்குள்ள வெச்சி ஆருக்குக் குடுக்கிற? அவளுக்குத் தாயும் இல்ல, வாப்பாவும் இன்னொரு ஊட்ட. நம்மட கண் மூடினா இந்தப் புள்ள ஆர்ர கோடிக்குள்ள போய்ப் படுக்கும்? அவரு நெய்ற கூலிக்கு ஒரு கல்லு வாங்க ஏலுமா? கேளுங்க தம்பி. நீங்களே கேளுங்க."

நான் யாரிடம் கேட்பது? ஜவுபர் காக்கா சாறன் நுனியால் முகத்தைத் துடைத்தார். "பாப்பம்" என்றார். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. ஐயாவிடம் வந்து, காக்கா சொல்லிவிடுவார் என்று சொன்னேன். அப்படித்தான் நானும் நம்பினேன், அவருடைய இடத்தில் நான் என்றால் சொல்லியிருப்பேன்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். நல்ல தமிழ், நல்ல கோட், மரியாதையான மனிதர். கோட்டில் அன்று மின்விசிறி ஓடவில்லை. ஜவுபர் காக்கா வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டு, கூண்டுக்குள் ஏறிச் சத்தியம் செய்தார். முனவ்வறா ராத்தா பின்வாங்கில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"காப்புறுதிப் பத்திரத்தில் இது உங்களுடைய வீடு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்த வீடு உங்களுடையதா?" என்று கேட்டார் கொழும்புச் சட்டத்தரணி.

"இல்ல."

"யாருடையது?"

"என்ட மகள்ட."

"அதில் உங்களுக்கு வேறு ஏதாவது உரித்து இருந்ததா? சாகும்வரை இருக்கலாம் என்று வாய்ப்பேச்சாகவாவது?"

ஐயா மேசையில் இருந்த பேனையை இறுகப் பிடித்தார். அந்த மனிதர் அந்த வாசலை எங்களுக்குத் தானே திறந்துவிட்டார்; ஒரு ஓம் போதும். ஜவுபர் காக்கா எங்களைப் பார்க்கவில்லை. பின்வாங்கைப் பார்த்தார்.

"இல்ல ஐயா. முழுசாக் குடுத்திட்டம். குடுத்ததில ஒரு மூலய எனக்கெண்டு இப்ப எப்பிடி எடுக்கிற? அவ இரிந்தா கேட்டு எடுக்கலாம்."

கொழும்புச் சட்டத்தரணி நன்றி சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் இருந்துவிட்டார். ஐயாவின் கழுத்து சிவந்தது. மூன்று வருடம் அலைந்து, கால் தேய்ந்து, கடைசியில் தன் வாயாலேயே தன் வழக்கைக் கெடுக்கிற மனிதரை நான் அதுவரைக்கும் கண்டதில்லை. பின்னால் திரும்பி முனவ்வறா ராத்தாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீதிபதி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "உங்களுடையது இல்லாத வீட்டுக்கு நீங்கள் ஏன் காப்புறுதி போட்டீர்கள்?"

ஜவுபர் காக்காவுக்குக் கேள்வி விளங்கவில்லை. நீதிபதி இரண்டாம் தரம் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, மகள்ட ஊடு எரிஞ்சா திருப்பிக் கட்டிக்குடுக்கிற ஆர்? நான்தானே."

"மருமகன் கட்டமாட்டாரா?"

"அவரு ஏன் ஐயா கட்டுற? புள்ளக்கி ஊடு குடுக்கிறது வாப்பாட வேல. ஒருக்காக் குடுத்தாச்சி எண்டு முடிஞ்சி போறல்ல. கூர ஒழுகினாலும் நான்தான் ஏறுற. எரிஞ்சாலும் நான்தான், கடல் கொண்டுபோனாலும் நான்தான். அவ மௌத்தாகிட்டா அவட மகளுக்கு. நான் மௌத்தாகுமட்டும் அந்த ஊடு என்ட தலையில. அதாலதான் போட்ட."

கொழும்புச் சட்டத்தரணி எழும்பினார். "இது எந்த உறுதியில் எழுதியிருக்கிறது?"

"எழுதல்ல."

"கட்டிக் கொடுக்காவிட்டால் உங்கள் மேல் யாராவது வழக்குப் போட முடியுமா?"

"ஏலா."

"அப்படியென்றால் யார் உங்களைக் கட்டாயப்படுத்துவது?"

ஜவுபர் காக்கா யோசித்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஒருத்தரும் கட்டாயப்படுத்தல்ல ஐயா. அப்பிடி ஆராவது கேக்கிற நில வந்தா, அவன் என்ன வாப்பா?"

ஐயாவின் கை பேனையை விட்டது. அவர் புத்திசாலி, நான் கோபப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் விசயத்தைப் பிடித்துவிட்டார். காப்புறுதி செய்ய ஒருவன் சொந்தக்காரனாக இருக்கத் தேவையில்லை, அந்தப் பொருள் அழிந்தால் நட்டம் அவன் தலையில் விழவேண்டும், அவ்வளவுதான் என்பது பழைய சட்டம். நாங்கள் ஒரு பொய்யைத் தேடி மருதமுனைக்குப் போயிருந்தோம். அந்தப் பொய் கிடைத்திருந்தால் சீவிய உரித்து, வீட்டில் ஒரு மூலை, அதற்கு ஒரு கணக்கு என்று வழக்கு சுருங்கியிருக்கும். அந்த மனிதர் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, முழு வீட்டையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த தவணையில் ஐயா ஹமீடைக் கூப்பிட்டார்.

"அவர் என்னுடைய வீடு என்று சொன்னபோது அது அவருடையது என்று நம்பினீரா?"

"இல்ல சேர். லைலா ராத்தாட ஊடு எண்டு எனக்குத் தெரியும். நான் அந்தக் கலியாணத்தில சோறு ஆக்கின ஆள்."

"பிறகு ஏன் எழுதினீர்?"

"எங்கிட ஊரில எல்லாரும் அப்பிடித்தான் சேர் செல்லுற. நானும் என்ட ஊடு எண்டுதான் செல்லுவன். அது பொஞ்சாதிட ஊடு."

நீதிபதி சிரிப்பை அடக்கினார். கொழும்புச் சட்டத்தரணி மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அங்கே இருந்த மொழிபெயர்ப்பு முதலி, பொலிஸ்காரர், எழுதுவினைஞர், ஐயா, நான் எல்லோரும் பெண்சாதி வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்பது அவருக்கு அப்போதுதான் மெல்ல விளங்கியிருக்க வேண்டும்.

தீர்ப்பு சண்டை முடிந்த கிழமையில் வந்தது. கல்முனைத் தெருவில் வெடி கொளுத்தினார்கள், கொடி பிடித்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் சத்தமில்லை. என் பெண்சாதியின் தம்பி குணம் வன்னிக்குள் இருந்தான். மாதக்கணக்காகத் தகவலில்லை. அவள் றேடியோவுக்கு முன்னால் சாப்பிடாமல் இருந்தாள். நான் அன்று கோட்டுக்குப் போயிருக்கவே கூடாது. வீட்டில் இருக்க முடியாமல்தான் போனேன்.

நீதிபதி வாசித்தார். வெளியே ஒவ்வொரு வெடிக்கும் நிறுத்தி, சத்தம் அடங்கிய பிறகு தொடர்ந்தார். உரிமை வேறு, அக்கறை வேறு என்றார். இந்தக் கரையோரத்தில் தகப்பன் மகளுக்குக் கொடுத்த வீட்டின் மேல் அவனுக்கு உரிமை இல்லை, ஆனால் பொறுப்பு அவனுடைய ஆயுள் முழுவதும் இருக்கிறது. அது எழுதப்படாததால் இல்லாமல் போய்விடாது. கம்பனியின் முகவரே அதை அறிந்துதான் கையெழுத்து வாங்கினார் என்றார். கம்பனி முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று முடித்தார். நான் இருபது வருடம் கோட்டில் சீவித்தவன். சட்டம் என்றால் ஆளை மடக்குகிற சாமான் என்றுதான் என் நினைப்பு. எங்கள் குசினிகளிலும் கோடிகளிலும் நடக்கிற ஒரு விசயம் அந்த மேடையிலிருந்து, அந்தப் பெரிய சொற்களில், ஒரு பிசகில்லாமல் திரும்பி வந்ததைக் கேட்டபோது எனக்கு மயிர் சிலிர்த்தது.

வெளியே படியில் முனவ்வறா ராத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த விசாரணை நாளிலிருந்து அவர் புருசனோடு சரியாகக் கதைப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

"நான் செல்லச் சென்னத்த நீங்க செல்லல்ல" என்றார் ராத்தா.

"ஓம்" என்றார் ஜவுபர் காக்கா.

"நல்லம்" என்றார் ராத்தா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஜவுபர் காக்கா என் பக்கம் திரும்பி, தன்னுடைய வெற்றியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "தம்பி, வன்னியிலிரிந்து மச்சினன்ட தகவல் ஏதும் கிடச்சதா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நாள் முழுவதும் நான் அழுதது அப்போதுதான்.

கம்பனி மேல்கோட்டுக்குப் போகவில்லை. காசு வந்ததும் வந்தபடி கல்லாகவும் மண்ணாகவும் மாறியது. காணியில் அவரவர் பங்கை விட்டுக்கொடுத்து ஜெனூபாவின் பெயருக்கு எழுதிய உறுதியை நான்தான் தட்டெழுதினேன். சீவிய உரித்து வேண்டுமா என்று ஐயா இந்த முறை பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

வீடு முடிந்து, குடிபுக ராத்திபு ஓதிய அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஐயாவுக்குச் சுகமில்லை, நான் மட்டும் போனேன். லெப்பைமார் இன்னும் வந்து சேரவில்லை. முனவ்வறா ராத்தா பின்னால் அடுப்படியில் நின்றார், நெய்ச்சோற்று வாசம் ஒழுங்கை வரைக்கும் வந்தது. ஜவுபர் காக்கா ஒரு நூல்கட்டைத் தோளில் வைத்தபடி வளவில் திரும்பப் போட்ட தறிக்கொட்டில் பக்கமிருந்து வந்தார். வாசலில் ஜெனூபா புதுச் சட்டை போட்டு, நிலைப்படிக்கு நடுவில் காலை அகட்டிக்கொண்டு நின்றாள். கதவு அகலத் திறந்து கிடந்தது.

ஜவுபர் காக்கா படிக்குக் கீழே நின்றுவிட்டார். அவர் நின்றதால் நானும் நின்றேன்.

"ஊட்டுக்காரி, மூத்தவாப்பா உள்ள வரட்டா?"

பிள்ளையோடு விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிப்பதற்கு வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டைக் கடலிடமிருந்தும் கம்பனியிடமிருந்தும் மீட்டுக் கொண்டுவந்த மனிதர், தோளில் பாரத்தோடு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். அவள் வேண்டாம் என்றால் திரும்பித் தறிக்கொட்டிலுக்குப் போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஜெனூபா அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், கடைசியில் எங்கள் கால்களைப் பார்த்தாள்.

"காலக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

ஜவுபர் காக்கா நூல்கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நன்றாகத் தேய்த்துக் கழுவினார். பிறகு வாளியை என்னிடம் தந்தார், நானும் கழுவினேன்.